பேரணி போனோம், பலன் போய்ச் சேர்ந்ததா?



மழைக்காலம் வந்தாலே நம்ம தாம்பரம் பக்கம் பள்ளிக்குப் பள்ளி டெங்கு விழிப்புணர்வுப் பேரணி நடக்கும். என்.எஸ்.எஸ்., பசுமைப் படை, ஜூனியர் ரெட் கிராஸ் என்று எல்லோரும் அட்டை பிடித்து, கோஷம் போட்டு, மெயின் ரோடு வரைக்கும் போய் வருவார்கள். அப்புறம் அறிக்கையில் இத்தனை மாணவர்கள் வந்தார்கள், இத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்று எழுதுவார்கள். நல்லதுதான்! ஆனால் அந்த நோட்டீஸால் எந்தத் தெருவில், எந்த வீட்டில் ஒரு தண்ணீர் டிரம்முக்கு மூடி வந்தது? அதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை.

நாம என்ன செஞ்சோம் என்பது வேறு, ஊருக்கு என்னாச்சு என்பது வேறு. இரண்டாவதைத் தெரிஞ்சுக்க ஒவ்வொரு மாணவர் குழுவும் தான் வேலை செய்த பகுதியை வரைபடமாகப் போடணும் என்பது என் கருத்து.

இது புது விஷயமில்லை. 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, கெட்ட காற்றுதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் செத்தவர்களின் வீடுகளை ஒரு தெரு வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருந்தன. பக்கத்திலேயே இருந்த ஓர் ஏழைகள் விடுதியில் மட்டும் சாவு ரொம்பக் குறைவு. ஏன்? அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது! குறி விழுந்த இடமும் பேசும், விழாத இடமும் பேசும்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? 2015 டிசம்பர் வெள்ளம் நமக்குத் தெரியாததா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீரில் மிதந்தன. அப்போது சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று இன்டர்நெட் வரைபடத்தில் பொதுமக்களே குறித்தார்கள். நமக்கு இன்டர்நெட் கூட வேண்டாம், ஒரு சார்ட் பேப்பரும் மூணு கலர் ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

பேரணிக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை, அதே தெருக்களுக்குப் போகணும். பகலில் பாதி வீடு பூட்டியிருக்கும், அதனால் சாயங்காலம் போறது நல்லது. டிரம்மை மூடி வைத்து, வாரம் ஒருமுறை கழுவுகிற வீட்டுக்குப் பச்சைப் புள்ளி. நோட்டீஸ் கிடைத்தும் செய்யாத வீட்டுக்கு மஞ்சள். நாம் போகவே போகாத வீட்டுக்குச் சிவப்பு. பெயரோ கதவு எண்ணோ எழுதக் கூடாது. யாரையும் காட்டிக் கொடுப்பது நம் வேலையில்லை.

டெங்குவுக்கு இது ரொம்ப முக்கியம். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும், பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவணும். பச்சைப் புள்ளி வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து!

அந்த மஞ்சள் வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் காரணம் தெரியும். “லாரித் தண்ணி எப்ப வரும்னு தெரியாதுப்பா, இருக்கிறதை எப்படிக் கொட்டிக் கழுவறது?” என்று ஒரு அம்மா கேட்டால், அங்கே கோஷம் போட்டு என்ன பயன்? அந்தத் தெருவுக்குத் தேவை டிரம்முக்கு மூடி, இல்லையென்றால் இறுக்கிக் கட்ட வெள்ளைத் துணி. கூடவே, தண்ணீர் ஒழுங்காக வர மாநகராட்சிக்கு ஒரு மனு. வரைபடம் இருந்தால் அந்த மனுவோடு ஆதாரமாக இணைக்கலாமே!

“சிவப்பும் மஞ்சளும் நிறைய வந்தால் பள்ளிக்குக் கேவலம்” என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோணலை. எல்லாம் பச்சையாகவே இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சிவப்புப் புள்ளி நம் தோல்வி இல்லை, அடுத்த வாரம் போக வேண்டிய முகவரி. “படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் நம் வயதுப் பிள்ளைகள்தான் குழு குழுவாகத் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, இல்லையா?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒவ்வொரு குழுவும் நாலே நாலு தெருவை எடுத்துக்கொண்டு வரைபடம் போட்டு, இந்தச் சுவர் இதழுக்குப் பக்கத்திலேயே ஒட்டட்டும். மழை முடிந்ததும் இரண்டாவது வரைபடத்தை அதன் அருகே ஒட்டுவோம். எத்தனை சிவப்பு பச்சையாக மாறியது என்று எல்லோரும் எண்ணிப் பார்க்கலாம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— பிளஸ் ஒன் மாணவி