ஜிம் வலிக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை: காசு கரையும், வலி குறையுமா?

ஜிம்மில் 'லெக் டே' முடிந்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போதுதான் தொடை இரண்டும் கதறும். அந்த நேரம் பார்த்து பக்கத்தில் இருப்பவர், "வைட்டமின் சி, ஈ போடு ப்ரோ, மூணு நாள்ல சரியாயிடும்" என்பார். சொன்னபடியே மூன்று, நான்கு நாளில் வலி போய்விடும். பாராட்டு மாத்திரைக்குப் போகும். ஆனால் மாத்திரை போடாமல் இருந்திருந்தாலும் அது போயிருக்கும் என்பதுதான் விஷயம்.

இந்த வலி எங்கிருந்து வருகிறது?

பலரும் லாக்டிக் ஆசிட் மீது பழி போடுகிறார்கள். அது உடற்பயிற்சி முடிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். நம்மைப் படுத்தும் வலியோ பல மணி நேரம் கழித்துத் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. ஆக, குற்றவாளி அது இல்லை.

எடையைத் தூக்குவதைவிட மெதுவாக இறக்குவதுதான் தசைக்கு அதிக அடி. டம்பெல்லை இறக்கும்போதும், ஸ்குவாட்டில் கீழே போகும்போதும் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்போது தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்யும்போது லேசான அழற்சி வருகிறது, நரம்புகள் கூர்மையாகின்றன. அதைத்தான் வலியாக உணர்கிறோம்.

மாத்திரைக்கு இங்கே என்ன வேலை?

பயிற்சியின்போதும் அதற்குப் பிந்தைய பழுதுபார்ப்பின்போதும் உடலில் 'ஃப்ரீ ராடிக்கல்' எனும் மூலக்கூறுகள் உருவாகின்றன. இவை அளவு மீறினால் செல்களைப் பாதிக்கும். ஆன்டிஆக்சிடன்ட் இவற்றை அடக்கும். 'அடக்கினால் வலி குறையும்' என்பதுதான் விற்பனைக் கணக்கு. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

சோதனையில்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் இதை அலசியது. 50 ஆய்வுகள், 1,089 பேர். எல்லா ஆய்வுகளிலும் கொடுக்கப்பட்டது தினசரிப் பரிந்துரையைவிடக் கூடுதல் டோஸ். அப்படியும், 10 புள்ளி வலி அளவுகோலில் கிடைத்த அதிகபட்ச வித்தியாசம் சுமார் அரைப் புள்ளிதான். நடைமுறையில் அதை உணரக்கூட முடியாது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: பங்கேற்றவர்களில் 10-ல் 9 பேர் ஆண்கள். பெண்களைப் பற்றிய தரவு மிகக் குறைவு.

பலன் இல்லை, பாதகம் உண்டா?

'உதவலைன்னா போகுது, கெடுதல் இல்லையே' என்று விட்டுவிடவும் முடியாது. ஏனென்றால் ஃப்ரீ ராடிக்கல் வெறும் எதிரி அல்ல. 'சுமை கூடியிருக்கிறது, வலுவாகு' என்று தசைக்குச் செய்தி சொல்வதில் அதற்கும் பங்கு உண்டு. செய்தியை அமுக்கினால் பயிற்சியின் பலனும் அமுங்கலாம்.

2014-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், 10 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 235 மில்லிகிராம் வைட்டமின் ஈ-யும் தரப்பட்டன. தசையின் அளவு இரு பிரிவிலும் ஒரேபோல் கூடியது. ஆனால் தசை வளர்ச்சிக்கான செல் சமிக்ஞைகள் சில மாத்திரை பிரிவில் மங்கின. பைசெப்ஸ் வலிமையும் குறைவாகவே கூடியது. சிறிய ஆய்வுதான், இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனாலும் வலிமைக்காக ஜிம்முக்குப் போகிறவர் யோசிக்க வேண்டிய தகவல்.

புகைப்பவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் கடுமையானது. ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைப்பிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, அதிகரித்திருந்தது.

அப்போ என்னதான் செய்வது?

முதலில், எடையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒருமுறை வலித்த தசை, அதே பயிற்சியை அடுத்தமுறை செய்யும்போது குறைவாகவே வலிக்கும். உடலே பழகிக்கொள்ளும், இதற்கு இணையான மாத்திரை கிடையாது. வலி இருக்கும் நாள்களில் மெதுவான நடை தற்காலிக ஆறுதல் தரும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

வைட்டமின் சி தட்டிலிருந்தே வரட்டும். ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் என்பது ஐசிஎம்ஆர் பரிந்துரை. 100 கிராம் கொய்யாவிலேயே சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை என்றால் அது வேறு கதை, நிறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. தாங்க முடியாத வலி, வீக்கம், அதோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரண ஜிம் வலி அல்ல. தசைச் செல்கள் பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி, புதுப் பயிற்சிக்குப் பிறகு வரும் இரண்டு, மூன்று நாள் வலி உடல் வேலை செய்வதன் அடையாளம். அதை டப்பா வாங்கி விரட்ட வேண்டியதில்லை.