ராணி மீனுக்கு ஒரு மாதக் காவல்

கொல்கத்தா வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் லேக் மார்க்கெட் போய் முருங்கைக்காய், கறிவேப்பிலை வாங்குவதோடு சரி. பாக்பஜார் பக்கம் காலிஃப் ஸ்ட்ரீட் ஞாயிறு சந்தையைப் பார்த்த பிறகு வீட்டுக்கு மீன்தொட்டி வந்துவிட்டது. தங்கமணி தலையில் அடித்துக்கொண்டதைத் தனியாகச் சொல்ல வேண்டாம் :-)

இந்த ஊரில் பண்ணை மீனோடு ஆற்றில் பிடித்த மீனும் விற்பனைக்கு வரும். வட வங்காளம், அஸ்ஸாம் ஆறுகளின் 'ராணி மாச்' அதில் ஒன்று. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட அழகு. ஒரு கடையில் நாலு வாங்கினேன். "மருந்தெல்லாம் போட்டாச்சு தாதா, அப்படியே விடலாம்" என்றார்கள். விட்டேன். ஐந்தாம் நாள் மீன்கள் மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. பத்து நாளில் மகள் மூன்று வருஷமாக வளர்த்த கௌராமி உட்படத் தொட்டியே காலி. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தொட்டியில் விட்டது என் கை.

அதனால் என் கட்சி இதுதான்: இரண்டாவது தொட்டி வைக்க முடியாதவர் ஆற்று மீன் வாங்கக் கூடாது.

ஆற்று மீனிடம் ஒட்டுண்ணி இருப்பது அதிசயமில்லை. ஓடுகிற தண்ணீரில் அது கொஞ்சமாக இருக்கும், மீன் சமாளித்துக்கொள்ளும். வலை, பிளாஸ்டிக் பை, ரயில் என்று அலைந்து சோர்ந்த மீனால் முடியாது. வெள்ளைப் புள்ளிக் கிருமி மீன் தோலுக்குள் இருக்கும்போது மருந்து தொடாது. கீழே உதிர்ந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். டிசம்பர் குளிரில் இழுத்துக்கொண்டே போகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் திரும்ப வருவது இதனால்தான்.

2020-ல் நமக்கு 14 நாள் சொன்னார்கள். ஆற்று மீனுக்கு அது போதாது, நாலிலிருந்து ஆறு வாரம் வேண்டும். "டூ பெட்ரூம் ஃபிளாட்டில் எங்கே சார் இடம்?" என்பார்கள். பால்கனி ஓரம் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, மூடி, ஹீட்டர், ஒளிந்துகொள்ளத் துண்டு பைப். பெரிய தொட்டியில் முன்கூட்டியே ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை இதற்கு மாற்றினால் அம்மோனியா தொல்லை குறையும். வலையும் சைஃபன் குழாயும் தனி. ராணி மீனுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு, வலையில் மாட்டினால் பாவம். நான் டப்பாவில்தான் மொள்ளுகிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. முதல் நாளே நாலு மருந்தைச் சேர்த்துக் கொட்டுவார்கள். பயணத்தில் பிழைத்த மீன் அதில் போய்விடும். என் வழக்கம், முதல் வாரம் இருட்டும் சாப்பாடும் மட்டும். நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டிக்கொண்டே போனால் குடற்புழுவைச் சந்தேகிப்பேன். ஆடுமாடுகளுக்குக் கொடுக்கும் லெவாமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஒரு நாள் வெளிச்சம் படாமல். புழு சாகாது, மயங்கி வெளியே விழும். ஆகவே மறுநாள் அடித்தளத்தை உறிஞ்சி எடுத்துத் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு தடவை. வெள்ளைப் புள்ளி வந்தால் மாலகைட் பச்சை கலந்த மருந்து பாதி அளவுதான், இந்த மீனின் செதில் அவ்வளவு சின்னது.

இப்போது பால்கனியில் மூன்று ராணிகள். இன்று பத்தொன்பதாம் நாள். மகள் காலண்டரில் தினமும் கட்டம் அடிக்கிறாள். "பெரிய தொட்டிக்கு எப்பப்பா?" என்று நேற்றும் கேட்டாள். தீபாவளிக்குள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.