ஆறடி அளந்தால் மட்டும் போதுமா?

2025 ஜூலையில் வகுப்பில் பிள்ளைகளை 'ப' வடிவத்தில் உட்கார வைப்பது பற்றி நம் மாநிலத்தில் ஒரே பேச்சாக இருந்தது. கடைசி பெஞ்ச் என்ற பெயரே இருக்கக் கூடாதாம். நல்லதுதான். கழுத்து வலிக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்னால், கொரோனாவுக்காக வகுப்பறையையே மாற்றிப் போட்டோமே, அதைப் பற்றி இப்போது யாரும் மூச்சு விடுவதில்லை. இன்னொரு நோய் வந்தால் மறுபடி சாக்பீஸும் கையுமாக அவசரத்தில்தான் நிற்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

1.11.2021 அன்று ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தார்கள். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அறைக்கு 20 பேர், நடுவில் ஆறடி இடைவெளி என்று சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள்தான், ஆனாலும் கோலம் போடுகிற கைக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை. அறை இருபதுக்கு இருபது அடி என்று வையுங்கள். டீச்சர் நிற்க மூன்றடி விட்டால், நேர்ப்புள்ளியாக ஆறடிக்கு ஒரு பிள்ளை வைத்தால் வரிசைக்கு 4, மூன்று வரிசை, ஆக 12 பேர். ஊடுபுள்ளியாக வைத்தால் வரிசைகளுக்கு நடுவே ஐந்தே கால் அடி போதும், நாலு வரிசை வரும். 4, 3, 4, 3 என்று 14 பேர். எப்படிப் பார்த்தாலும் 20 வராது!

அப்புறம் எப்படி 20 பேரை உட்கார வைத்தார்கள்? நான் பார்த்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) ஐந்தடி பெஞ்சில் இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று, நடுவில் சாக்பீஸால் பெருக்கல் குறி. டீச்சர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. இருக்கிற அறையில் அவர்களும் என்னதான் செய்வார்கள்? 2020-ல் ரேஷன் கடை வாசலில் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் பையை வைத்துவிட்டு ஜனங்கள் நிழலில் ஒன்றாக நின்று பேசிக்கொண்டிருந்ததை எல்லோரும்தான் பார்த்தோம்.

அடி அளந்தவர்கள் பிள்ளையின் கண்ணையும் காதையும் அளக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். உயர வரிசைப்படி உட்கார வைத்ததில் என் மகள் கடைசியில் போய்விட்டாள். பத்தொன்பது மாதம் வீட்டில் செல்போனில் பாடம் படித்த பிள்ளை. "அம்மா, போர்டே மங்கலா தெரியுதும்மா"ன்னு நாலாம் நாள் வந்து சொன்னாள். மற்ற நாளென்றால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிவிடும். தள்ளி உட்கார வைத்ததும் அந்த வழியும் அடைபட்டது. முகக்கவசத்துக்குள்ளே இருந்து டீச்சர் பேசுவது வேறு பாதிதான் காதில் விழும். காது மந்தமான பிள்ளைகள் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள், அவர்கள் கதி என்ன? கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போட்ட பிறகும் பள்ளியில் இடம் மாற்றித் தர ஒரு மாதம் ஆனது. "லிஸ்ட் போட்டாச்சும்மா, மாத்த முடியாது" என்ற ஒரே பதில்தான்.

காற்றையும் மறந்தார்கள். நோய் காற்றில் மிதந்தும் பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அந்த வருடம் மார்ச்சிலேயே, முகக்கவசம் போட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்றடி போதும் என்று குறைத்தார்கள். இங்கே நவம்பர் மழைச் சாரலுக்கு ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே அடி அளந்துகொண்டிருந்தோம்.

என்னைக் கேட்டால், எந்தப் பிள்ளை எங்கே என்ற வரைபடத்தை நோய் நொடி இல்லாத இப்போதே போட்டு வைக்க வேண்டும். முதலில் ஜன்னலும் கதவும் எங்கே என்று பார்க்கணும். அடுத்தது யாருக்குக் கண்ணாடி, யாருக்குக் காது, யாருக்கு இழுப்பு என்று அம்மாக்களிடம் கேட்கணும். அடிக்கணக்கெல்லாம் அதற்கப்புறம். வாரம் ஒருமுறை வரிசையைச் சுற்றி விட்டால் யாருக்கும் நிரந்தரமாகக் கடைசி இடம் கிடையாது. மெட்ராஸ் ஐ, அம்மை வருகிற நாளிலும் இது உதவும்.

சகோதரிகளே, கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல் இதைக் கேளுங்கள். ஜன்னல் கொக்கி துருப்பிடித்துத் திறக்க வராவிட்டால் அதையும் அங்கேயே சொல்லலாம். ஒரு கொக்கி மாற்றப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

— ஓர் இல்லத்தரசி, திருவாரூர்.