வண்டிக்கும் ஒரு முழுக்கு

செங்கற்பட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் சம்சாரத்துடன் மாமல்லபுரம் போய் வந்தீர்களா? ரொம்ப சந்தோஷம். நீங்கள் காற்று வாங்கினீர்கள். வண்டியோ உப்பு வாங்கி வந்திருக்கிறது!

சந்தேகமானால் கடற்கரைக் கோயிலை நினைத்துப் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டில் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பிய கருங்கல் கோயில். அதன் சிற்பங்களையே உப்புக் காற்று மழுக்கிவிட்டது. தொல்பொருள் துறையினர் ஈரக் காகிதக் கூழைச் சுவரில் அப்பி, கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் இரும்பு எம்மாத்திரம்?

ஆகவே, எஞ்சின் ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றி அலம்புங்கள். உப்புக் கிணற்று நீர் உதவாது. மணல் போகுமுன் துணி போட்டுத் தேய்த்தால் பெயிண்ட் கீறிவிடும். மட்கார்டின் அடிப்புறத்தையும் சக்கரக் கம்பிகளையும் மறக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் துரு குடியேறும். பிறகு ஈரம் போகத் துடையுங்கள்.

செயினை மண்ணெண்ணெய் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்தபின் எண்ணெய் இடுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் துடைத்தால் விரல் போய்விடும், ஜாக்கிரதை!

பிரேக்கில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. பளபளப்பு குறைந்தால் குறையட்டும். பின்னால் உட்கார்ந்து வருவது உங்கள் சம்சாரம் அல்லவா?