கர்ப்பிணியின் தட்டு, குடும்பத்தின் பொறுப்பு



கர்ப்ப காலத்தில் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னதும், அச்செய்தியைப் புகுந்த வீட்டாரிடம் சொல்ல அஞ்சும் பெண்கள் நம் தஞ்சைப் பகுதி ஊர்களில் இன்றும் உள்ளனர். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இருந்ததில்லையே" என்ற ஒரு சொல் வந்துவிடுமோ என்பதே அவர்களது அச்சம். சோதனைச் சீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் மறைகிறது. அச்சீட்டில் இரண்டு உயிர்களின் நலன் அடங்கியிருக்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

இந்நோய் எப்படி வருகிறது? கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. இது எல்லாத் தாய்மார்களுக்கும் நிகழ்வதுதான். பெரும்பாலோரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. சிலருக்கு அது இயலாமற்போகவே இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. இதில் அப்பெண் செய்த குற்றம் என்ன?

தாயின் மிகையான சர்க்கரை குழந்தையையும் சென்றடைகிறது. அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் கடினமாகலாம். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடவும் கூடும். ஆகவே, குண்டாகப் பிறக்கும் குழந்தையெல்லாம் ஆரோக்கியமான குழந்தை என்று எண்ணிவிட வேண்டாம்.

தமிழ்நாட்டில் நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதத்தினருக்கும், சிறுநகரங்களில் 13.8 சதவீதத்தினருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதத்தினருக்கும் இந்நோய் காணப்பட்டது. இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையன்று என்பதற்கு இவ்வெண்களே சான்று. இவ்வாய்வை முன்னின்று நடத்தியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா ஆவார். 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், ஏழைப் பெண்களுக்கும் ஏற்ற எளிய சோதனை முறையொன்றைப் பரவச் செய்தார். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உறுதியாகிறது. வெறும் வயிற்றோடு செல்ல வேண்டியதில்லை. விடிகாலையில் பேருந்து ஏறித் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்குச் செல்லும் கிராமத்துப் பெண்ணுக்கு இது எத்தகைய நிம்மதி! கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம் என்று 2007ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஆணையிட்டது. கருவுற்றதும் ஒருமுறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது உணவு. நாமோ நெல் விளையும் பூமியில் பிறந்தவர்கள். "இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று சோற்றைக் குவித்து வைப்பதே அன்பு என்று பழகிவிட்டோம். சோற்றை அறவே விலக்க வேண்டியதில்லை; அளவைக் குறைத்து, காய்கறி, கீரை, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றைக் கூட்டுங்கள். மூன்று வேளையில் வயிறு முட்ட உண்பதைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து உண்ணச் செய்யுங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பாரம்பரிய அரிசிகள் நல்லவையே. ஆயினும் அவையும் அரிசியே. அளவு மீறினால் அவையும் சர்க்கரையை ஏற்றும். அவளுக்கு மட்டும் தனிச் சமையல் செய்து ஒதுக்கி வைக்காதீர்கள். வீட்டிலுள்ள அனைவரும் அதே உணவை உண்டால் அவள் மனம் நோகாது, நமக்கும் நன்மையே.

இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாட்டோடு இருந்தும் சர்க்கரை அடங்காவிடில், மருத்துவர் மருந்தோ இன்சுலினோ தருவார். இன்சுலின் ஊசி குழந்தையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சித் தடுக்காதீர்கள். தாய்க்குப் போடும் இன்சுலின் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. அடங்காத சர்க்கரைதான் தீங்கு செய்யும்.

ரமளான் மாதத்தில் இப்பெண்கள் மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்கத் துணிய வேண்டாம். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. விடுபட்டவற்றை நிறைவு செய்யும் முறையை ஆலிம்களிடம் கேட்டறியலாம். அச்சலுகையை ஏற்பவளைப் பார்த்து முகம் சுளிக்க யாருக்கும் உரிமையில்லை.

இறுதியாக, பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. பிரசவம் ஆனதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். "போய்விட்டது" என்று நிம்மதியடைகிறோம். ஆனால் இந்நோய் ஒருமுறை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எனவே பிரசவித்த ஆறு வாரங்களில் மீண்டும் குளுக்கோஸ் சோதனை செய்வது அவசியம். அதன்பின் ஆண்டுதோறும் ஒருமுறை சோதித்துக்கொள்வதும் நல்லது.

ஆறு வாரத்தை நினைவில் வைப்பது நமக்குக் கடினமன்று. நாற்பது நாள் கணக்கை எந்த வீட்டில் மறந்திருக்கிறோம்? நாற்பது கழிந்து தலைக்குக் குளித்த அந்த வாரத்திலேயே, குழந்தையை மாமியார் மடியில் வைத்துக்கொள்ள, கணவர் மனைவியை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லட்டும். அன்று சோதனைச் சீட்டை மறைத்து வைக்கும் அவசியம் அவளுக்கு இருக்காது.