பேன் வந்த பிள்ளையை ஒதுக்காதீர்கள்



எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில், தலையில் பேன் இருந்ததற்காக மூன்றாம் வகுப்புச் சிறுமியைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். 'சுத்தமில்லாத வீடு' என்ற பேச்சு வேறு! தினமும் தலைக்குக் குளிக்கும் பிள்ளைக்கும் பேன் வரும்.

பேனுக்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்து விளையாடும்போதும், ஒரே தலையணையில் படுக்கும்போதும் முடி வழியே ஊர்ந்து மாறிவிடும். சீப்பு, துண்டு மூலம் பரவுவது குறைவுதான். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளைக்கு மேல் பிழைக்காது.

மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் ஆபத்தானது. தீப்பிடிக்கும், தோல் புண்ணாகும். தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் ஈர் அதிகம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்தால் சிக்கியது தெரியும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், ஒரு தடவையோடு விடாமல் சில நாளுக்கொரு முறை இரண்டு வாரம் வார வேண்டும். மருந்து போடுவதானால் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோர் தலையையும் அன்றே பார்க்க வேண்டும். பள்ளிகளும் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் வகுப்பின் எல்லாப் பெற்றோருக்கும் தகவல் அனுப்பி, ஒரே வார இறுதியில் தலை பார்க்கச் சொன்னால் பேன் திரும்பத் திரும்பச் சுற்றி வராது.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்