கட்டணத்துக்கு முன் கேள்வி

மலையாளத் திரையுலகின் தந்தை எனப் போற்றப்படும் ஜே.சி. டேனியல், நிலத்தை விற்றே 'விகதகுமாரன்' படத்தை எடுத்தார். இறுதியில் அவருக்கு மிஞ்சியது வறுமைதான். 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்துடன் தங்கிவிட்ட நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில், பிள்ளையின் திரைக்கனவுக்காக நிலத்தை அடகு வைக்க எண்ணும் பெற்றோர் இதை மறக்கலாகாது.

தொழிற்பயிற்சியே வீண் என்பதல்ல நமது வாதம். கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி, மத்திய அரசின் புணே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். 2009-இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் விருது வென்றார். குரலையும் இசையையும் சூழலின் ஓசையையும் அளவறிந்து கலப்பதற்குக் கருவியும் வேண்டும், ஆசானும் வேண்டும்.

ஆனால், வேலை தேடித் தருவது சான்றிதழ் அல்ல, கைத்திறன். சென்ற ஆண்டு பயின்றவர்கள் இன்று எங்கே பணிபுரிகிறார்கள், ஒவ்வொரு மாணவருக்கும் கருவியில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், இடையில் விலகினால் பணம் திரும்புமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத தனியார் நிறுவனத்தில் சேருவதைவிடச் சேராமல் இருப்பதே மேல். சென்னை தரமணி, கோட்டயம் அரசு நிறுவனங்களில் இடம் பெற முயல்வதே முதல் வழியாக இருக்கட்டும்.

அரசுக்கும் கடமை உண்டு. திருவனந்தபுரம் திருவல்லத்தில் கேரள அரசுக்குச் சொந்தமான சித்ராஞ்சலி படப்பிடிப்பு நிலையம் இருக்கிறது. அங்கு எல்லைக் கிராம இளைஞர்களுக்கு உதவித்தொகையுடன் தொழில் பழகுநர் பயிற்சி அளித்தால் என்ன? கனவு காண்பதற்கு நிலம் அடகுப் பொருளாகக் கூடாது.